இரண்டாவது டிரம்

அத்தியாயம் 17

நெட் பெட்டியைத் தொட்டது கிறிஸ்டிதான். அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. தொடுவதற்கு முன்னாலேயே கடைசி அறைப் பெட்டியில் விளக்கு சிவப்பாகிவிட்டது என்று அவள் சொன்னதைத்தான் அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

நடந்தது போன வியாழக்கிழமை. நாத்தனார் ஜெமிமாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வீடியோவில் நேர்முகத் தேர்வு. ஜெமிமாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைதான் அவளுக்கு வாய். வேலையும் அதற்கேற்ற வேலை. காது கேட்காத வாடிக்கையாளர்களோடு வீடியோவில் சைகை மொழியில் பேசி, அவர்களுடைய பேங்க் சந்தேகங்களைத் தீர்த்து வைப்பது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நினைத்துத்தான் அவள் அப்பா சம்மதித்திருந்தார்.

எட்டாவது நிமிடத்தில் படம் உறைந்துவிட்டது. மற்றவர்களுக்கென்றால் படம் நின்றாலும் குரலாவது போய்ச் சேரும். ஜெமிமாவுக்குப் படம் போனால் எல்லாம் போச்சு. அவள் பாட்டுக்குக் கையை அசைத்துக்கொண்டிருந்தாள், எதிரில் பார்க்க ஆளில்லாமல்.

மாமனார் சுவிசேஷமுத்து நடு அறைக்குள் ஓடி வந்தபோது, கிறிஸ்டி அந்த வெள்ளைப் பெட்டியின் பின்பக்கம் விரலை வைத்தபடி நின்றாள். அவ்வளவு போதாதா?

"ஒருத்தி உருப்படுறது இன்னொருத்திக்குப் பொறுக்கலை" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஆறு நாளாகிறது. மருமகளோடு நேருக்கு நேர் பேச்சு இல்லை. சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், இன்னொரு தடவை பார்க்கிறோம் என்றார்கள். இன்றைக்கு, புதன்கிழமை, மதியம் மூன்றரை மணி. 'இதிலும் தடங்கல் வந்தால் அடுத்தவரைத் தேர்வு செய்ய நேரிடும்' என்று மெயிலில் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

இந்தத் தடவையும் அறுந்தால் ஜெமிமாவுக்கு வேலை போகும். கிறிஸ்டிக்கு அந்த வீட்டில் பேரே போகும்.

---

பாளையங்கோட்டையில் அவர்கள் வீடு ரயில் பெட்டிபோல நீளம். முன்னால் பட்டாசல். அதுதான் மாவுக்கடை. இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு தராசு, 'ஆத்துத் தண்ணி இட்லி மாவு' என்று எழுதிய ஓர் அட்டை. இவ்வளவும் மாமியார் சாலோமியின் ராஜ்ஜியம். அடுத்து நடு அறை, அரிசியும் உளுந்துமாக மூட்டைகள். அதற்கப்புறம் பழைய கல் சுவர்களுக்கு நடுவில் ஒரு நடை. நடை முடிந்தால் அடுக்களை. கடைசியில் ஜெமிமாவின் அறை, அதன் பின்னால் சின்ன முற்றம்.

கடைசி அறை வரைக்கும் நெட் எட்டவில்லை என்றுதான் மஸ்கட்டிலிருந்து எபி மூன்று பெட்டிகள் அனுப்பினான். எபி, கிறிஸ்டியின் கணவன். பட்டாசலில் ஒன்று, நடு அறையில் ஒன்று, ஜெமிமாவின் அறையில் ஒன்று.

"அப்பா, லாரியில இருந்து மூட்டையை ஆள் மாத்தி ஆள் கொடுப்பீங்கள்லா, அது மாதிரிதான். முதப் பெட்டி ரெண்டாவதுக்குக் கொடுக்கும், ரெண்டாவது மூணாவதுக்குக் கொடுக்கும்" என்று எபி போனில் விளக்கினான்.

சுவிசேஷமுத்துவுக்கு உடனே புரிந்தது. முப்பது வருஷம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர். முதுகுத் தண்டு இரண்டு இடத்தில் நசுங்கிய பிறகுதான் நிறுத்தினார்.

மூட்டைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குனிந்து நிற்பவனின் முதுகில் பாரத்தை வைப்பதற்கு முன்னால் அவன் தோளில் இரண்டு தட்டு தட்டுவார்கள். 'வைக்கப்போறேன், தாங்கிக்கோ' என்று அர்த்தம். மார்க்கெட் இரைச்சலில் வாயால் சொன்னால் எவனுக்குக் கேட்கும்?

அந்த இரண்டு தட்டைத்தான் அவர் மகளுக்கும் வைத்திருந்தார். சைகை மொழி அவருக்கு வரவில்லை. விரலெல்லாம் காய்த்துப்போய் மடங்கவில்லை என்பார். ஜெமிமா பரீட்சைக்குக் கிளம்பும்போதெல்லாம் தோளில் இரண்டு தட்டு. எபி விமானம் ஏறியபோதும் இரண்டு தட்டு. கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் கிறிஸ்டி ஜெமிமாவிடம் சைகை மொழியையே கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் அந்தத் தட்டு மட்டும் அவள் தோளுக்கு வந்ததில்லை. எதிர்பார்க்கவும் கூடாது என்று மனசை வைத்துக்கொண்டிருந்தாள்.

---

காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும்.

"ஸ்தோத்திரம்" என்றாள் சாலோமி. தண்ணீர் வந்தாலும் ஸ்தோத்திரம், கரண்ட் வந்தாலும் ஸ்தோத்திரம். தேதித் தாளில் பேனாவால் 'த' என்று ஒரு எழுத்துப் போட்டாள். எந்த நாள் தண்ணீர் நாள் என்று குழப்பம் வரக்கூடாது பாருங்கள், மாவுக்கு ஊறப்போடுவதே அந்தக் கணக்கில்தான்.

சுவிசேஷமுத்து மோட்டாரைப் போட்டு, நடையில் இருந்த இரண்டு நீல டிரம்மையும் விளிம்பு தட்ட நிரப்பினார். டிரம்முக்கு இருநூறு லிட்டர். மூட்டை தூக்க முடியாத மனுஷனுக்கு வீட்டில் மிச்சமிருந்த வேலை இது ஒன்றுதான். அதை ஒரு சொட்டு சிந்தாமல் செய்வார்.

முதல் டிரம் தரையில், வெகுகாலமாக இருப்பது. இரண்டாவது புதுசு. எதிர்ச் சுவரோரம் ஒரு கல்மேடையில் ஏற்றி வைத்திருந்தார். அது வந்ததிலிருந்து நடையில் ஆள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கிறிஸ்டிக்கு ஐந்து மாதம். அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்த டிரம்மை மனசுக்குள் திட்டுவாள்.

ஒன்பதரைக்கு ஜெமிமாவைக் கடைசி அறையில் உட்காரவைத்துவிட்டு, கிறிஸ்டி பட்டாசலில் நின்று வீடியோவில் கூப்பிட்டாள். ஜெமிமாவின் முகம் வந்தது. கை ஒருமுறை உயர்ந்தது. அப்படியே கல்லாகிவிட்டது.

பின்னால் போய்ப் பார்த்தாள். மூன்றாவது பெட்டியில் சிவப்பு.

ஜெமிமாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை பேசியது கோபமாகத்தான். 'நீ பெட்டியைத் தொட்டாயா?'

'இல்லை.'

'தெரியும். சும்மா கேட்டேன். அப்பா கேட்டால் சொல்வதற்கு.'

அந்த நிலைமையிலும் கிறிஸ்டிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆறு நாளில் அவளை நம்பிய ஒரே ஆள், ஒரு சத்தமும் கேட்காத இந்தப் பெண்தான்.

---

பதினோரு மணிக்கு இர்ஷாத் வந்தான். மேலப்பாளையத்துப் பையன், நெட் கனெக்‌ஷன் கொடுத்தவன். மூன்று வாரத்தில் இது நாலாவது தடவை. முன்பு வந்த மூன்று தடவையும் வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி ஏழு மணிக்கு மேல் வந்தான். அப்போதெல்லாம் மூன்று பெட்டியும் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டு நல்ல பிள்ளையாக இருந்தன.

"தம்பி, கோளாறு பெட்டியிலயா, ஆள்லயான்னு பாத்துச் சொல்லும்" என்றார் சுவிசேஷமுத்து, கிறிஸ்டியைப் பார்க்காமல்.

இர்ஷாத் மீட்டரை வைத்துப் பார்த்தான். "லைன்ல குறையே இல்ல அண்ணாச்சி. தண்ணி மாதிரி ஓடுது."

"அப்போ பின்னால மட்டும் ஏன் போவுது?"

"கிரைண்டரா இருக்கும். மோட்டார் ஓடுனா சில சமயம் இழுக்கும்."

"நல்லாருக்கே!" என்று சாலோமி கரண்டியோடு வந்தாள். "இப்போ என் கிரைண்டர் மேல பழியா? போன வியாழக்கிழமை அவ பேசுதப்போ ரெண்டையும் அணைச்சில்லா வச்சிருந்தேன்!"

மறுபடி அணைத்தார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. மஸ்கட்டுக்கு மெசேஜ் போனது. எபியிடமிருந்து பதில் வந்தது: 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.' அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஊரிலிருந்து எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

"முன்னால இருந்து பின்னால வரை ஒயர் இழுத்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல அக்கா" என்று இர்ஷாத் கிறிஸ்டியிடம் சொன்னான். "ஆனா அவ்வளவு நீளத்துக்கு இன்னைக்குக் கையில ஒயர் இல்ல. நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கு ஒயர வச்சு நாங்க துணி காயப்போடவா?" என்றார் மாமனார்.

கடைசி அறையில் செல்போன் சிக்னல் ஒரு கோடு நின்றால் அதிசயம். பட்டாசலில் வைத்துப் பேசலாமென்றால் வாசலில் மாவு வாங்க ஆள் வந்தபடி இருக்கும். நடு அறைக்கு ஜன்னல் கிடையாது, மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு கையை விரிக்க இடமும் இல்லை. கை பேசுகிறவளுக்குக் கை விரிய இடம் வேண்டும், முகத்துக்கு வெளிச்சம் வேண்டும், பின்னால் வெறும் சுவர் வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஓர் இடம் கடைசி அறை மட்டும்தான்.

இர்ஷாத் கிளம்பிப் போனான். சுவிசேஷமுத்து டிரம் பக்கத்தில் போய் நின்று, மூடியைத் திறந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு மூடினார். மனசு சரியில்லை என்றால் அப்படித்தான் செய்வார்.

---

கிறிஸ்டியின் அப்பா ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்குக் கேபிள் பதிக்கக் குழி வெட்டியவர். கேபிள் செத்துப்போனால் மொத்தக் குழியையும் தோண்டமாட்டார்கள். நட்டநடுவில் ஓரிடத்தில் தோண்டிச் சோதிப்பார்கள். அதுவரைக்கும் உயிர் இருந்தால் கோளாறு அந்தப் பக்கம். மிச்சத்தில் மறுபடி பாதி. வெயிலில் கடப்பாரை பிடிக்கிறவனுக்கு ஒரு முழம் மிச்சம் என்றாலும் லாபம்தானே.

அவளும் அப்படியே பார்த்தாள். முதல் பெட்டிப் பக்கத்தில் போனை வைத்தாள். நன்றாக ஓடியது. நடு அறையில் இரண்டாவது பெட்டிப் பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் நன்றாக ஓடியது. நடையைத் தாண்டி அடுக்களைக்குள் காலை வைத்தாள். செத்தது.

ஆக, கோளாறு நடையில். ஆனால் நடையில் என்ன இருக்கிறது? ஒயர் இல்லை, மோட்டார் இல்லை. மேலே பரணில் பாத்திரங்கள், கீழே இரண்டு டிரம். ஒரு வருஷமாக இதே நடையைத் தாண்டித்தானே போய்க்கொண்டிருந்தது?

மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஜெமிமா இஸ்திரி போட்ட நீலச் சுடிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போட்டுக்கொள்ளவில்லை.

கிறிஸ்டி அடுக்களை ஆணியில் கை வைத்தாள்.

அந்த ஆணியில்தான் பழைய தேதித் தாள்கள் இருந்தன. தினசரித் தாளில் வேத வசனம் அச்சடித்திருக்கும். வசனம் உள்ள தாளைக் குப்பையில் போட சாலோமிக்கு மனசு வராது. கிழித்ததும் ஆணியில் குத்திவிடுவாள். பெட்டி சிவப்பாகும் நேரத்தையெல்லாம் கிறிஸ்டி மூன்று வாரமாகச் சிவப்புப் பென்சிலால் அந்தத் தாள்களில்தான் குறித்து வைத்திருந்தாள், வேறு காகிதம் கைக்கு அகப்படாததால்.

ஆணியிலிருந்து கட்டாக உருவி, அடுப்பு மேடையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

செவ்வாய், சுத்தம். திங்கள். அவள் பென்சில்: காலை எட்டு, பத்து, மதியம் ஒன்று. ஓரத்தில் மாமியாரின் 'த'. ஞாயிறு. பென்சிலும் இல்லை, 'த'வும் இல்லை. சனி. பென்சில் நான்கு இடத்தில். 'த'. வெள்ளி, சுத்தம். வியாழன், நேர்முகத் தேர்வு நாள். 'த'.

இன்னும் பின்னால் போனாள். ஒரு தாளும் தப்பவில்லை. தண்ணீர் வந்த நாளெல்லாம் நெட் போயிருந்தது. காலையில் போய், சாயங்காலம் சாலோமி அரிசி களைந்து ஊறப்போட்டுத் தண்ணீர் பாதியானதும் திரும்ப வந்திருந்தது. அதனால்தான் இர்ஷாத் வந்த ராத்திரிகளில் எல்லாம் சரியாக இருந்தது.

மோட்டாரா? அது ஒரு மணி நேரம்தான் ஓடும். சிவப்பு பகல் முழுக்க நின்றது.

முதன்முதலில் பென்சில் விழுந்த தாளை எடுத்தாள். அதில் மாமியாரின் கையெழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'புது டிரம் வந்தது. ஸ்தோத்திரம்.'

கிறிஸ்டி அந்தத் தாளை மற்றவற்றின் மேல் வைத்தாள். இர்ஷாத்துக்குப் போன் போட்டாள்.

"தம்பி, சிரிக்காதீங்க. தண்ணி நெட்டை மறைக்குமா?"

"என்னக்கா?"

"நானூறு லிட்டர் தண்ணி. நடையில, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல."

 "யா அல்லாஹ்" என்றான். "கண்டிப்பா மறைக்கும்க்கா. ஒரு வீட்ல பெரிய மீன்தொட்டி வாங்கி வச்சிட்டு, பின் ரூமுக்கு வரலைன்னு என்னை ஒரு மாசம் அலையவிட்டாவ. தண்ணி அப்படியே குடிச்சிரும். நான் நாலு தரம் அந்த டிரம்மை உரசிக்கிட்டுப் போயிருக்கேனே, எனக்குத் தோணலையே!"

---

மணி இரண்டு பத்து. மாமனாரிடம் சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்துப் பேசுகிற மனுஷனிடம், அவர் கையால் நிரப்பிய தண்ணீர்தான் குற்றவாளி என்று.

அவர் பட்டாசலில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டி தாள்களைத் தராசுத் தட்டிலேயே வைத்தாள்.

"மாமா. நெட்டை மறைக்கது நம்ம டிரம்தான்."

துடைத்த கை நின்றது. "சாலோமி! உம் மருமகளுக்கு என்னமோ ஆயிட்டு. தண்ணியக் குத்தம் சொல்லுதா."

"பழைய டிரம் மட்டும் இருந்தப்போ பக்கத்துல இருந்த இடைவெளி வழியா போயிட்டிருந்திருக்கு. புது டிரம்மும் வந்ததும் அடைச்சிட்டு. இந்தா பாருங்க, அத்தை கையால எழுதுனது."

சாலோமி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். ஐந்தாவது தாளில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க... இவ சொல்லுதது சரிதாங்க. ஒண்ணு விடாம ஒத்துப்போவுது."

"சரியா இருந்தா? மணி என்ன? நானூறு லிட்டர்!"

"ஓஸ் போட்டுச் சாக்கடைக்கு விட்டா..." என்று கிறிஸ்டி இழுத்தாள்.

அவர் முகம் மாறியது. சாக்கடைக்கு ஆற்றுத் தண்ணீர்! அதற்குப் பதில் அவர் ரத்தத்தைக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுபோல நின்றார்.

கிறிஸ்டி அதற்கு மேல் நிற்கவில்லை. நடைக்குப் போய் ஒரு குடத்தை எடுத்து, கல்மேடை டிரம்முக்குள் முக்கினாள்.

"தூக்காத!"

ஆறு நாளில் அவர் அவளைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. ஓடி வந்து குடத்தைப் பிடுங்கினார். பாதித் தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"அறிவிருக்காட்டி ஒனக்கு? வயித்துப்பிள்ளைக்காரி குடம் தூக்குவாளா? பெறவு எதுக்கு நான் இந்த..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

முடித்தது சாலோமிதான். "சொல்லுங்களேன். சொன்னா வாய் வெந்துருமோ? இவ சாயந்தரம் தெருக்குழாயில குடத்தைச் சொமந்து வந்ததைப் பாத்துட்டு, அன்னைக்கே போய் அந்த டிரம்மைச் சைக்கிள்ல கட்டி உருட்டிக்கிட்டு வந்தாவ. 'இனிமே அந்தப் பிள்ளை வாசப்படி தாண்டித் தண்ணிக்குப் போவக் கூடாது'ன்னு. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு வேற!"

கிறிஸ்டி டிரம்மைப் பார்த்தாள். மூன்று வாரமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த டிரம். அவளுக்காக வந்த டிரம்.  அழுவதற்கு நேரமில்லை, ஒரு மணி நேரம்தான் இருந்தது.

சுவிசேஷமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். மார்க்கெட்டில் லாரிக்கு லாரி கேட்ட குரல்.

"ஏலே இசக்கிமுருகா! குடம் இருக்கா?"

எதிரே ஆட்டோவில் கால் நீட்டிப் படுத்திருந்த இசக்கிமுருகன் எழுந்தான். "என்ன அண்ணாச்சி, தண்ணி விக்கியளா?"

"சும்மா தாரேன்லே, வா!"

"சும்மாவா? அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லையா மதினி?"

"வாயப் பாக்காம வாலே! எம் மவ வேலை இதுலதான் இருக்கு!"

அதற்கப்புறம் அவன் கேள்வி கேட்கவில்லை. தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினான். மாவு வாங்கத் தூக்குவாளியோடு வந்த பார்வதியம்மாள், அதே வாளியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, மாவுக்கு வேறு பாத்திரம் எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள்.

சுவிசேஷமுத்து டிரம் பக்கத்தில் நின்று முக்கிக் கொடுத்தார். சாலோமி நடு அறையில் வாங்கினாள். இசக்கிமுருகன் பட்டாசலில் வாங்கி வாசலில் நின்றவர்களின் குடங்களில் ஊற்றினான். குடத்துக்குக் குடம் கை மாறியது. ஜெமிமாவும் சுடிதார்க் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நுழையப் பார்த்தாள். அப்பா அவளைப் பின்னால் தள்ளினார், 'போ, தலை சீவு' என்று சீப்பு பிடிக்கிற மாதிரி கையைக் காட்டி.

கிறிஸ்டிக்கு ஒரே வேலை. கடைசி அறை வாசலில் நின்று விளக்கைப் பார்த்துச் சொல்வது.

"என்ன கலரு?"

"சிவப்பு மாமா."

பத்துக் குடம்.

"இப்போ?"

"சிவப்புதான்."

புது டிரம் காலியானது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. அவர் தலையிலிருந்து வேர்வை சொட்டியது. ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன கலரு?"

அவள் விளக்கை மறுபடி பார்த்தாள். தவறாகச் சொல்லிவிட்டோமோ? நசுங்கிய முதுகோடு ஒரு மனுஷனை வீணாக வளையவைத்துவிட்டோமோ?

"சிவப்பு" என்றாள், மெதுவாக.

சாலோமி ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கிறிஸ்டியைத் திட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பழைய டிரம்முக்குக் குனிந்தார். "ம், வாங்குலே."

மூன்று குடம். ஐந்து. எட்டு. குடம் டிரம்முக்குள் இறங்கும் சத்தம் ஆழமாகிக்கொண்டே போனது.

விளக்கு அணைந்தது.  ஒருமுறை மினுங்கியது. வெள்ளை.

"மாமா! வெள்ளை!"

"பைய, பைய. நிக்குதான்னு பாரு."

நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. புது டிரம் காலியாகி வழி திறந்த பிறகும் அதைக் கண்டுபிடிக்கப் பெட்டிக்குக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறது. அவள் பட்டாசலுக்கு ஓட, ஓடாதே என்று மூன்று பேர் கத்த, பைய நடந்து போய் வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் ஜெமிமா வந்தாள். கை ஓடியது, விரல் ஓடியது, எங்கும் நிற்கவில்லை.

'என்ன இது, உன் தலையெல்லாம் தண்ணீர்?' என்று ஜெமிமா கேட்டாள்.

"ஸ்தோத்திரம்" என்றாள் சாலோமி. இந்தத் தடவை கிறிஸ்டியும் கூடவே சொன்னாள்.

மூன்று இருபத்தைந்துக்குச் சுவிசேஷமுத்து ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றார். தோளில் இரண்டு தட்டு. கதவைச் சாத்தினார்கள்.

---

நாற்பது நிமிடம். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. உள்ளே ஜெமிமாவுக்கு எந்தச் சத்தமும் கேட்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இசக்கிமுருகன்கூட வாசலில் இருமலை அடக்கிக்கொண்டிருந்தான்.

சுவிசேஷமுத்து காலி டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாலோமி முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். "டாக்டரு தூக்காதேன்னாரு. கேட்டாத்தானே."

"தூக்கல. முக்குனேன்."

"பெரிய வித்தியாசம்!"

கிறிஸ்டி ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"மாமா, டிரம்முக்கு..." என்று ஆரம்பித்தாள். நன்றி என்று சொல்ல வந்தது. அந்த வார்த்தையை அவரிடம் சொன்னால் சண்டைக்கு வருவார் என்று தோன்றியது. "டிரம்மைப் பின்னால முற்றத்துல வச்சுக்கிடலாம். எனக்கு அங்கனதான் சௌகரியம்."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நான் அன்னைக்குத் தெருவு கேக்கச் சொன்னேன். இன்னைக்குத் தெருவே வந்து தண்ணி கோரிட்டுப் போச்சு. இசக்கிமுருகங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் நாளைக்குள்ள ஊரு பூரா சொல்லிருவான்" என்றார்.

அதுதான் அவர் கேட்கத் தெரிந்த மன்னிப்பு. கிறிஸ்டிக்கு அது போதும்.

கதவு திறந்தது.

ஜெமிமா வாசலில் நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம். கிறிஸ்டியைப் பார்த்துக் கை பறந்தது.

'ஒரு தடவைகூட நிற்கவில்லை! எல்லாக் கேள்விக்கும் சொன்னேன். அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு நன்றி சொல். அம்மாவுக்குச் சொல். உனக்கு நான் தனியாகச் சொல்வேன்.'

கிறிஸ்டி தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கைகள் வேகம் குறைந்தன. ஜெமிமா ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு விரல்கள் புரியாது என்று தெரிந்தும், உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பேசினாள்.

'இன்னொன்று. வீட்டிலிருந்து பார்க்கிற வேலை இல்லையாம். முதல் ஒரு வருஷம் சென்னையில் இருக்க வேண்டும். தனியாக. வர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும், அண்ணி.'

மகள் கண்ணுக்கு எதிரிலேயே இருப்பாள், வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வேலைக்குச் சம்மதித்த மனுஷன், தைலம் மணக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சொல்லுதா?"

"நல்லா நடந்துச்சாம் மாமா. ஒரு தடவைகூட நிக்கலையாம். உங்களுக்குத்தான் முதல்ல சொல்லச் சொன்னா."

"வேற?"

கிறிஸ்டி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னும் ஈரம் காயாத, காய்த்துப்போன அந்தக் கை உயர்ந்தது. அவள் தோளில் விழுந்தது.

ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

இரண்டு வருஷமாக அவள் எதிர்பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தது. 'வைக்கப்போறேன், தாங்கிக்கோ.' மூட்டை ஏற்கெனவே ஏறிவிட்டது என்பது, பாவம், தட்டினவருக்குத்தான் தெரியவில்லை.